சின்ன வயதுச் சைக்கிளைப் பற்றி ஆங்கிலத்தில் பேசுவது எப்படி?

“டிட் யூ ஹாவ் எ பைக் வென் யூ வேர் எ சைல்ட்?” என்று நான் கேட்டபோது, திருகோணமலைக்கு அருகிலுள்ள கிண்ணியாவிலிருந்து என் ஆங்கில வகுப்புக்கு வரும் இளைஞர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்து, “யெஸ், ஐ ஹாட் எ பைசைக்கிள். இட் வாஸ் வெரி நைஸ். ஐ லைக் இட் வெரி மச்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஐந்து விநாடியில் பதில் முடிந்துவிட்டது. நான் ஆங்கிலத்தை விட்டுவிட்டு, “தம்பி, அது யாருடைய சைக்கிள்?” என்று தமிழில் கேட்டேன். அவ்வளவுதான், மடை திறந்ததுபோல் கதை வந்தது. அது வாப்பாவின் பழைய சைக்கிள். கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முன்னர் அதைப் ‘பாதை’ என்ற மிதவையில் ஏற்றித்தான் அக்கரைக்குக் கொண்டுபோக வேண்டும். முன்பாரில் ஒரு துவாயைச் சுற்றி மகனை இருத்திக்கொள்வார். உப்புக் காற்றில் துருப்பிடித்த செயின், இறங்குதுறை மேட்டில் ஏறும்போதெல்லாம் கழன்றுவிடும். அதை மாட்டிய எண்ணெய்க் கைகளோடு வீட்டுக்குப் போய் இருவரும் உம்மாவிடம் ஏச்சு வாங்குவார்கள். “இவ்வளவும் இருக்க, ஏன் ‘வெரி நைஸ்’ என்று நிறுத்தினீர்கள்?” என்று கேட்டேன். “சேர், இதெல்லாம் சோதனையில் சொல்லுற விசயமா?” என்றார்.

சோதனையில் சொல்ல வேண்டிய விடயம் அதுவேதான். வெளிநாட்டுப் படிப்புக்கும் குடியேற்றத்துக்கும் கேட்கப்படும் ஆங்கிலத் தகுதிப் பரீட்சையான ஐ.ஈ.எல்.ரி.எஸ். இன் பேச்சுப் பரீட்சை 11 முதல் 14 நிமிடங்கள் வரை நடைபெறும். அதில் மூன்று பகுதிகள் உள்ளன. முதற்பகுதி 4 முதல் 5 நிமிடம் வரை நீடிக்கும். வீடு, வேலை, படிப்பு, ஊர், சைக்கிள் போன்ற அன்றாட விடயங்கள் இந்த முதற்பகுதியில்தான் கேட்கப்படுகின்றன. புள்ளி வழங்குவதற்கு நான்கு அளவுகோல்கள் உண்டு: தடங்கலின்றியும் தொடர்பறாமலும் பேசுதல், சொல்வளம், இலக்கணத்தின் விரிவும் திருத்தமும், உச்சரிப்பு. நான்குக்கும் சமமான நிறையே கொடுக்கப்படுகிறது. உங்கள் கருத்து எவ்வளவு உயர்ந்தது, உங்கள் சைக்கிள் எவ்வளவு விலையுயர்ந்தது என்பவற்றுக்கு இந்த நான்கில் எதிலும் இடமில்லை என்பதைக் கவனியுங்கள். உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு சிறு சம்பவத்தைச் சொல்லும்போது யோசித்து யோசித்து நிற்க வேண்டிய தேவை குறைவதால் பேச்சு தானாகவே ஓடுகிறது. செயின், துரு, இறங்குதுறை போன்ற குறிப்பான சொற்கள் வருவதால் சொல்வளம் தெரிகிறது. பழைய பழக்கத்தையும் ஒருமுறை நடந்ததையும் பிரித்துச் சொல்ல வேண்டியிருப்பதால் இலக்கணமும் விரிகிறது. ‘வெரி நைஸ்’ என்ற சொற்றொடர் இவற்றில் ஒன்றையும் செய்வதில்லை.

ஆங்கில வாக்கியங்கள் அனைத்தையும் இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஆங்கிலத்தின் சில ஒலிகள் தமிழ் எழுத்துக்குள் அடங்கமாட்டா என்பது உண்மைதான். ஆயினும் இது பேச்சுப் பரீட்சை என்பதால், எழுத்துக்கூட்டலை மறந்து காதால் கேட்பதுபோல் வாசிப்பது ஒருவகையில் நன்மையே. ஒவ்வொரு வாக்கியத்தையும் உரத்துச் சொல்லிப் பாருங்கள்.

ஓடுதல் என்ற வினைச்சொல் செய்யும் குழப்பம்

நம் பேச்சில் ஓடுதல் என்ற ஒரே வினை எத்தனை வேலை பார்க்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நாம் சைக்கிள் ஓடுகிறோம், கார் ஓடுகிறோம், தோணி ஓடுகிறோம், மழைக்கு ஒதுங்க ஓடுகிறோம். ஆங்கிலம் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வினையை வைத்திருக்கிறது. காரை ட்ரைவ் பண்ணலாம். சைக்கிளை ரைட் பண்ணத்தான் முடியும். “ஐ ட்ரைவ் எ பைசிக்கிள்” என்று சொன்னால் பொருள் விளங்கும், ஆனால் பரீட்சகரின் காதில் அது உடனே இடறும். இதைவிட எளிய வழியும் ஒன்று உண்டு: ‘சைக்கிள்’ என்பதையே வினைச்சொல்லாக்கி, “ஐ சைக்கிள்ட் டு ஸ்கூல்” என்று முடித்துவிடலாம். பெயர்ச்சொல்லாக வரும் இடத்தில் ‘பைக்’ அல்லது ‘பைசிக்கிள்’ என்பதே பேச்சுக்குப் பொருந்தும்.

‘பைக்’ என்ற சொல்லிலும் ஒரு பொறி இருக்கிறது. நமது ஊரில் பைக் என்றால் மோட்டார் சைக்கிள். பரீட்சகர் சொல்லும் பைக் பெரும்பாலும் மிதிக்கும் சைக்கிள். சிறுவயதில் பைக் இருந்ததா என்ற கேள்விக்கு, தன் மாமாவின் ஹொண்டாவைப் பற்றி அழகாக ஒரு நிமிடம் பேசிய மாணவரும் என்னிடம் இருந்திருக்கிறார். மோட்டார் சைக்கிளைக் குறிப்பிட வேண்டுமானால் ‘மோட்டர்பைக்’ என்று முழுதாகச் சொல்லுங்கள்.

சைக்கிளோடு சேர்ந்து வரும் மற்றைய வினைகளையும் தமிழிலிருந்து சொல்லுக்குச் சொல் கொண்டுபோனால் விபத்துத்தான். இளவயதில் நான் ஆங்கிலத்தில் முகங்கொடுத்த முதல் நேர்முகத் தேர்வில், காலையில் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, சைக்கிளுக்குக் காற்றடிப்பேன் என்று சொல்ல நினைத்து, “ஐ ஹிட் ஏர் டு மை சைக்கிள்” என்று சொன்னேன். மேசைக்கு அப்பால் இருந்த மூவரில் ஒருவர் சிரிப்பை அடக்கக் கோப்பைக் குனிந்து பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. ஆங்கிலத்தில் காற்றை அடிப்பதில்லை, ரயரைப் ‘பம்ப் அப்’ செய்வார்கள்: “ஐ பம்ப் அப் த டயர்ஸ்.” காற்றுப் போய்விட்டால் “ஐ காட் எ பங்க்சர்” அல்லது “த டயர் வென்ட் ஃப்ளாட்”. செயின் விழுவதில்லை, கழன்று வருகிறது: “த செயின் கேம் ஒஃப்.” பிரேக் பிடிக்கவில்லை என்பதற்குப் பிடித்தலைத் தேட வேண்டாம், “த பிரேக்ஸ் டிடின்ட் வேர்க்” போதும். விழுந்து முழங்கால் உரஞ்சினால் “ஐ க்ரேஸ்ட் மை நீ”. நாம் பார் என்று சொல்வதை அவர்கள் ‘க்ராஸ்பார்’ என்பார்கள். டபிள் போவது என்பதற்கு நேரான சொல்லைத் தேடி அலையாமல், “ஐ சாட் ஆன் த க்ராஸ்பார் அண்ட் மை ஃபாதர் பெடல்ட்” என்று காட்சியாகவே சொல்லிவிடுவது நல்லது.

கிண்ணியா இளைஞர் முதல் முயற்சியில் ‘பாதை’ என்பதை ‘ரோட்’ என்று மொழிபெயர்த்து, “வீ புட் த பைசிக்கிள் ஆன் த ரோட்” என்றார். சைக்கிளை வீதியில் வைப்பதில் என்ன புதுமை என்று பரீட்சகர் திகைத்திருப்பார். கிழக்கில் நாம் பாதை என்று சொல்வது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி நீரைக் கடக்கும் மிதவை. அதற்கு ஆங்கிலம் ‘ஃபெரி’. “வீ டுக் இட் அக்ராஸ் ஆன் த ஃபெரி” என்றதும் காட்சி தெளிந்துவிட்டது. ஊர்ச்சொல் ஒன்று வந்து நிற்கும் இடங்களில், அந்தச் சொல்லை விட்டுவிட்டு அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று யோசித்தால் ஆங்கிலச் சொல் பெரும்பாலும் அகப்படும்.

நில அமைப்பும் நல்ல சொற்களைக் கொண்டுவரும். திருகோணமலையின் உவர்மலை ஏற்றத்தில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனவர்கள், “இட் வாஸ் ஸோ ஸ்டீப் தட் ஐ ஹாட் டு கெட் ஒஃப் அண்ட் புஷ்” என்று சொல்லலாம், மிதிக்காமல் காலைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்ததற்கு ‘ஃப்ரீவீல்’ என்ற அழகான வினை உண்டு: “அண்ட் தென் வீ வுட் ஃப்ரீவீல் ஆல் த வே டவுன்.” சோளகக் காற்று முகத்தில் அடிக்க மிதித்த அனுபவம் இருந்தால் “சைக்கிளிங் இன்டு த விண்ட்”. நகரத்துக்குள் புள்ளிமான்கள் வீதியோரம் மேய்வதைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு அது ஒன்றுமில்லாத விடயம். கேட்பவருக்கோ, “யூ ஹாட் டு வொட்ச் அவுட் ஃபோர் டியர்” என்ற ஏழு சொற்கள் மறக்க முடியாதவை.

இறந்த காலத்தில் மூன்று வகை

சிறுவயதுச் சைக்கிள் பற்றிய கேள்வியின் உள்நோக்கம் இறந்த காலத்தை நீங்கள் எப்படிக் கையாள்கிறீர்கள் என்று பார்ப்பதே என நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு. தமிழில் ‘போவேன்’ என்ற வடிவம் நாளைக்குப் போவதையும் குறிக்கும், சின்ன வயதில் வழக்கமாகப் போனதையும் குறிக்கும். ஆங்கிலத்தில் வழக்கமாகச் செய்து இப்போது விட்டுவிட்ட செயலுக்கு ‘யூஸ்ட் டு’ வரவேண்டும்: “ஐ யூஸ்ட் டு சைக்கிள் டு ஸ்கூல்.” இதை இரண்டு சொற்களாகப் பிரித்து அழுத்திச் சொல்லாமல், ‘யூஸ்டு’ என்று ஒன்றாக ஓடவிடுங்கள், நடுவில் உள்ள மெய்யொலி பேச்சில் கேட்பதில்லை. திரும்பத் திரும்ப நடந்த செயலுக்கு ‘வுட்’ என்பதையும் பயன்படுத்தலாம், ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு: ‘வுட்’ செயலுக்கு மட்டுமே உரியது, நிலைமைக்கு உரியதன்று. “எவ்ரி ஈவினிங் வீ வுட் ரேஸ் டு த பீச்” சரி. “ஐ வுட் ஹாவ் எ பைக்” என்று சொன்னால் பழைய உடைமை என்ற பொருள் வராது. அந்த இடத்தில் “ஐ யூஸ்ட் டு ஹாவ்” அல்லது வெறுமனே “ஐ ஹாட்”.

ஒரே ஒருமுறை நடந்ததற்குச் சாதாரண இறந்த காலம். இங்கேதான் கிண்ணியா இளைஞரின் “ஐ லைக் இட்” தவறியது. அந்தச் சைக்கிள் இப்போது இல்லை என்றால் விருப்பமும் “ஐ லைக்ட் இட்” என்று பின்னுக்குப் போகவேண்டும். வினைகளின் மூன்று வடிவங்களில் சைக்கிளுக்கு அவசியமானவை சிலவே: ரைட், ரோட், ரிடின், ஃபோல், ஃபெல், ஃபோலின். இவற்றுள் ‘ஃபெல்’ என்பதை ‘ஃபெல்ட்’ என்று சொல்வது மிகப் பரவலான பிழை. “ஐ ஃபெல்ட் ஃப்ரம் த பைக்” என்றால் விழவில்லை, எதையோ உணர்ந்திருக்கிறீர்கள். “ஐ ஃபெல் ஒஃப்” என்று சுருக்கமாக முடியுங்கள்.

‘வைத்திருந்தேன்’ என்ற தமிழ் வினை பலரை “ஐ வாஸ் ஹாவிங் எ பைசிக்கிள்” என்ற பிழைக்கு இழுத்துச் செல்கிறது. உடைமையைச் சொல்லும் ‘ஹாவ்’ இப்படித் தொடர்வினையாக நீள்வதில்லை. அதேபோல் ‘சின்ன வயசில்’ என்பது “இன் மை ஸ்மோல் ஏஜ்” ஆவதில்லை; “வென் ஐ வாஸ் லிட்டில்” என்பதே வழக்கு. ‘சைக்கிள் பழகினேன்’ என்பதற்கு “ஐ லேர்ன்ட் பைசிக்கிள்” என்று நிறுத்தக்கூடாது, “ஐ லேர்ன்ட் டு ரைட் எ பைக் வென் ஐ வாஸ் நைன்.”

சைக்கிளே இருக்கவில்லை என்றால் என்ன செய்வது? பாலையூற்றிலிருந்து வரும் மாணவி ஒருவர், தனக்குச் சைக்கிள் வாங்கித் தரப்படவில்லை என்பதால் பரீட்சையில் பொய் சொல்லலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பொய் சொல்வதற்குத் தடையில்லை. உண்மையைச் சோதிக்க யாரும் திருகோணமலைக்கு வரப்போவதில்லை. ஆனால் பொய்க்கு விவரம் கற்பிப்பதில் மூளை களைத்துவிடும். “பிள்ளை, அப்ப எப்படி ஓடப் பழகினீங்கள்?” என்று கேட்டேன். சித்தப்பா மகனின் சைக்கிளை, அவர் மத்தியானம் படுத்திருக்கும் நேரம் பார்த்து எடுத்து, பாரின் மேலால் கால் எட்டாததால் பாருக்குக் கீழால் ஒரு காலை விட்டு, வளவுக்குள்ளேயே வேலியைப் பிடித்துப் பிடித்து ஓடியிருக்கிறார். இல்லை என்ற பதில்தான் எத்தனை வளமானது! “நோ, ஐ டிடின்ட், பட் ஐ யூஸ்ட் டு பொரோ மை கசின்ஸ் பைக் வைல் ஹீ வாஸ் ஸ்லீப்பிங். ஐ வாஸ் டூ ஷோர்ட் டு ரீச் த சீட், ஸோ ஐ பெடல்ட் வித் வன் லெக் அண்டர் த க்ராஸ்பார்.” சித்தப்பா மகனை ‘கசின் பிரதர்’ என்று சொல்வது நம் பகுதிகளின் ஆங்கிலம், பரீட்சைக்குக் ‘கசின்’ மட்டும் போதும், அவர் ஆண் என்பதைப் பின்னால் வரும் ‘ஹீ’ சொல்லிவிடும்.

சைக்கிள் பிரபலமா என்று கேட்டால்

“இஸ் சைக்கிளிங் பொப்யூலர் இன் யோர் கன்ட்ரி?” என்ற கேள்வி வந்தவுடன் அநேகர் குழந்தைப் பருவத்தின் இறந்த காலத்திலேயே தங்கிவிடுகிறார்கள். இது வேறு கேள்வி, வேறு காலம். இப்போதைய நிலையையும் அது மாறிவந்த விதத்தையும் இங்கே சொல்லவேண்டும்.

முதலில் ‘பொப்யூலர்’ என்ற சொல்லையே சற்றுப் பிரித்துப் பாருங்கள். ஒரு விடயம் பரவலாக இருப்பது வேறு, மக்களால் விரும்பப்படுவது வேறு. நமது ஊரில் விடியற்காலையில் மீன் பெட்டியைக் கரியரில் கட்டிக்கொண்டு போகிறவர் சைக்கிளை விரும்பித்தான் ஓடுகிறார் என்று சொல்லிவிட முடியாது. அது அவருடைய தொழிற்கருவி. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடுதியில் சைக்கிளை வாடகைக்கு எடுத்துக் கடற்கரை வீதியில் போகும் வெளிநாட்டுப் பயணிக்கு அது பொழுதுபோக்கு. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாக்களில் ஆகப் பிந்தி வருபவரே வெல்லும் மெதுவான சைக்கிளோட்டம் ஒன்று நடக்கிறதே, அது வேடிக்கை. இந்த வேறுபாட்டை ஒரே வாக்கியத்தில் காட்டினால் பதில் தனித்து நிற்கும்: “இட்ஸ் ஸ்டில் கொமன், பட் இட்ஸ் மோர் எ நெசெஸிட்டி தான் எ ஹொபி.” இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மனனம் செய்துகொள்ள நான் அனுமதிப்பதுண்டு. முழுப் பதிலையும் மனனம் செய்துகொண்டு போவதை நான் கடுமையாக எதிர்ப்பவன். ஒப்புவிக்கும் குரலைப் பழகிய பரீட்சகர் எளிதில் இனங்கண்டு கேள்வியைத் திருப்பிவிடுவார், அதன் பிறகு வரும் தடுமாற்றம் முன்னைய சரளத்தையும் சந்தேகத்துக்குள்ளாக்கும்.

அடுத்தது மாற்றம். குடும்பங்கள் பல மோட்டார் சைக்கிளுக்கும் முச்சக்கர வண்டிக்கும் மாறிவிட்டன, இதைச் சொல்ல நிகழ்கால முற்று வேண்டும்: “மெனி ஃபாமிலிஸ் ஹாவ் ஸ்விட்ச்ட் டு மோட்டர்பைக்ஸ்.” எப்போது மாறினார்கள் என்ற குறிப்பான ஆண்டு இந்த வாக்கியத்தில் இல்லை, விளைவு இன்றும் தொடர்கிறது, அதனால்தான் இந்த வடிவம். ஆண்டைச் சொன்ன கணமே சாதாரண இறந்த காலத்துக்கு வந்துவிட வேண்டும். இதற்கு 2022ஐ விடப் பொருத்தமான உதாரணம் நமக்குக் கிடையாது. அந்நியச் செலாவணி இல்லாமல் எரிபொருள் இறக்குமதி தடைப்பட்டு, எரிபொருள் நிலையங்களின் முன்னே வரிசைகள் நாட்கணக்கில் நீண்ட அந்த ஆண்டில், ஜூன் மாத இறுதியிலிருந்து ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் வழங்கப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. அதன் பின்னர் கியூஆர் குறியீட்டோடு எரிபொருள் அனுமதி முறை வந்தது. கொட்டில்களில் தூசி படிந்து கிடந்த பழைய ரலி, லுமாலா சைக்கிள்கள் ரயர் மாற்றப்பட்டு வீதிக்கு வந்தன. அலுவலகம் போகிறவர்கள் காற்சட்டைக் காலை மடித்துவிட்டுக்கொண்டு மிதித்தார்கள். “டியூரிங் த ஃபியூவல் ஷோர்ட்டேஜ் இன் 2022, பைக்ஸ் வேர் சடின்லி எவ்ரிவேர். ஈவின் பீப்பிள் ஹூ வேர்க்ட் இன் ஒஃபிசஸ் ஸ்டார்ட்டட் சைக்கிளிங்.” இங்கே ‘ஹாவ் ஸ்டார்ட்டட்’ என்று சொல்லக்கூடாது, ஏனெனில் ஆண்டைக் குறித்துவிட்டீர்கள். ‘இன் 2022’ என்பதையும் ‘சின்ஸ் 2022’ என்பதையும் மாற்றி மாற்றிப் போட்டு நான்கைந்து வாக்கியங்கள் சொல்லிப் பாருங்கள்; இலக்கணப் புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தாலும் வராத தெளிவு வந்துவிடும்.

வயதில் மூத்த பரீட்சார்த்திகள், வடக்கில் வாழ்ந்தவர்களாக இருந்தால், 1990களின் பொருளாதாரத் தடையைப் பற்றிச் சொல்ல விரும்புவார்கள். பெற்றோல் வராத யாழ்ப்பாணத்தில் ஆசிரியரும் வைத்தியரும் மாப்பிள்ளையும் நோயாளியும் சைக்கிளில்தான் போனார்கள். அது இந்தக் கேள்விக்கு உண்மையிலேயே உரிய பதில். பரீட்சகருக்கு அந்தப் பின்னணி தெரிந்திருக்கும் என்று எண்ணாமல், “பெட்ரல் வாஸின்ட் அலவ்ட் இன்டு த ஏரியா டியூரிங் த வோர்” என்று அரை வாக்கியத்தில் காரணத்தை வைத்துவிட்டு மீண்டும் சைக்கிளுக்கே வந்துவிடுங்கள். போரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் குரல் தழுதழுக்கும், சொல் தேடவேண்டி வரும், கேள்வி எங்கோ போய்விடும்; முதற்பகுதியின் இருபது முப்பது விநாடிக்குள் அது அடங்கும் விடயமன்று.

சொற்பிழைகளில் மூன்றை மட்டும் இங்கே எச்சரிக்கிறேன். ‘பீப்பிள்ஸ்’ வேண்டாம், ‘பீப்பிள்’ ஏற்கெனவே பன்மை. பொதுவாகச் சொல்லும்போது “மோஸ்ட் ஒஃப் த பீப்பிள்” வேண்டாம், “மோஸ்ட் பீப்பிள்”. ‘கம்பேரிங் டு’ என்று தொடங்கும் பழக்கத்தைக் ‘கம்பேர்ட் டு’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

பரீட்சையின் மூன்றாம் பகுதியில் இதே பொருள் அரசாங்கம், சுற்றாடல், நகரத் திட்டமிடல் என்று விரியலாம். நெதர்லாந்தில் மக்கள் தொகையைவிடச் சைக்கிள்களின் தொகை அதிகம் என்பது உண்மை, சொல்லவும் சொல்லலாம். ஆனால் அதைச் சொல்லாத பரீட்சார்த்தி அரிது. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டதும் பாதைக்காகக் காத்திருக்கும் நேரம் இல்லாமற் போய், மோட்டார் வாகனங்களுக்கு வழி இலகுவானதை எடுத்துக்காட்டி, வீதி நன்றாகும்போது சைக்கிள் குறைகிறதா கூடுகிறதா என்று வாதிட்டால் அது உங்களுடைய வாதமாக இருக்கும்.

ஒலியும் பயிற்சியும்

‘பைசிக்கிள்’ என்ற சொல்லின் முதல் அசையில்தான் அழுத்தம்: பை-சி-க்கிள். நடுவில் ‘சை’ என்ற ஒலி வராது. ‘மோட்டர்சைக்கிள்’ என்பதில் ‘சை’ வருவதால்தான் நமக்கு இந்தக் குழப்பம். ‘ரைடிங்’ என்பது சைக்கிளோடுவது, ‘ரைட்டிங்’ என்பது எழுதுவது. முன்னையதில் நடு ஒலியை மென்மையாகவும் பின்னையதில் வன்மையாகவும் சொல்லாவிட்டால், “ஐ லைக் ரைட்டிங்” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள். ‘வெஹிக்கிள்’ என்று நாம் சொல்வதை ‘வீயிக்கிள்’ என்று நடு மூச்சொலி இல்லாமல் சொல்வது வழக்கு. ‘வீல்’ என்று சக்கரத்தைச் சொல்லும்போது கீழுதட்டைப் பல் தொடக்கூடாது. உதடுகள் குவிந்து விரியவேண்டும்.

பயிற்சிக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முறை இது. கைத்தொலைபேசியின் ஒலிப்பதிவை இயக்கி, உங்கள் சைக்கிள் நினைவு ஒன்றை முதலில் தமிழில் ஒரு நிமிடம் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம், அதை வேறு யாரும் கேட்கப்போவதில்லை. பின்னர் அதைக் கேட்டு, அதில் வந்த பொருட்பெயர்களையும் வினைகளையும் மட்டும் ஒரு தாளில் குறித்து, ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடியுங்கள். வாக்கியமாக எழுதவேண்டாம், எழுதினால் மனனம் தொடங்கிவிடும். தாளைக் கவிழ்த்துவிட்டு ஆங்கிலத்தில் பேசிப் பதிவுசெய்யுங்கள். இந்தப் பதிவை, ‘உம்’ ‘ஆ’ உட்பட, சொன்னது சொன்னபடி எழுதுவதுதான் கடினமான வேலை. அரை மணித்தியாலம் பிடிக்கும், ஆனால் “ஐ ஃபெல்ட்” என்று தான் சொன்னதைத் தன் கையாலேயே எழுதுகிறவர் அதை மறுபடி சொல்வது அரிது. பிழைகளைத் திருத்தியபின் மூன்றாம் தடவை பேசும்போது பதிலை முப்பது விநாடிக்குள் சுருக்குங்கள். முதற்பகுதிப் பதிலுக்கு மூன்று நான்கு வாக்கியங்கள் தாராளம்.

கடைசிக் கட்டத்துக்கு இன்னொருவர் தேவை. உங்கள் பதிலைக் கேட்டு, நீங்கள் எதிர்பாராத சிறு கேள்வி ஒன்றை அவர் கேட்கவேண்டும். ஆங்கிலம் நன்கு தெரிந்தவராக இருக்கவேண்டிய அவசியமில்லை; வீட்டில் உள்ள பத்து வயதுத் தம்பியே இதற்கு மிகச் சிறந்தவர், ஏனெனில் அவருடைய கேள்விகளை ஊகிக்கவே முடியாது. கேள்வி விளங்காவிட்டால் பரீட்சையிலும் “சொரி, குட் யூ சே தட் அகெய்ன்?” என்று கேட்கலாம், அதில் குறைவு ஒன்றுமில்லை.

மூன்று கிழமைக்குப் பிறகு அதே கிண்ணியா இளைஞரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். “நொட் மை ஓன், நோ. ஐ யூஸ்ட் டு ரைட் ஆன் த க்ராஸ்பார் ஒஃப் மை ஃபாதர்ஸ் ஓல்ட் பைக். தேர் வாஸ் நோ பிரிட்ஜ் தென், ஸோ வீ வுட் டேக் இட் அக்ராஸ் ஆன் த ஃபெரி, அண்ட் த செயின் ஆல்வேஸ் கேம் ஒஃப் ஆன் த வே அப் ஃப்ரம் த ஜெட்டி. லேட்டர் ஹீ கேவ் இட் டு மீ.” ஒரே ஓர் இடத்தில், ‘ஜெட்டி’ என்ற சொல்லுக்கு முன்னால் மட்டும், சிறிது நின்றார். நான் விடாமல், “வட் கலர் வாஸ் இட்?” என்றேன். அவர் ஆயத்தப்படுத்தாத கேள்வி அது. ஒரு கணம் கண்ணை மூடி அந்தச் சைக்கிளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பிளாக். பட் பை த டைம் ஐ காட் இட், மோஸ்ட்லி ரஸ்ட்.”